கலந்ததெல்லாம் கண்டுபிடிப்பாகுமா?

இரண்டு பொருள்களை ஒன்றாகக் கலந்து மூன்றாவதொரு பயனைப் பெறுவது நம் தொழில்களின் உயிர்நாடி. நெசவாளி பாவுக்கு ஏற்றும் கஞ்சியில் சிறிது எண்ணெயைச் சேர்க்கிறார். சாயக்காரர் ஒரு சாயத்தோடு மற்றொன்றைக் கூட்டுகிறார். உழவர் வேப்பெண்ணெயோடு சோப்புக் கரைசலைச் சேர்த்துப் பயிருக்குத் தெளிக்கிறார். இக்கலவைகளுள் எது கைப்பழக்கம், எது கண்டுபிடிப்பு என்ற கேள்வி நம்மில் பலருக்கு இதுவரை எழுந்திருக்கமாட்டாது. ஆனால் இக்கேள்வியின்மீது பல நாடுகளில் வழக்குகள் நடந்துள்ளன. அவற்றின் முடிவு நம் தோட்டத்துத் தெளிப்பானையும் நம் சாயத்தொட்டியையும் தொடக்கூடியது. ஆகவே கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் இதனைச் சற்று விரிவாக அறிந்துகொள்வது நலம்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு, அதனைச் செய்யவும் விற்கவும் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியுரிமை அளிப்பதே காப்புரிமை. பேட்டண்டு என்று பொதுவழக்கில் கூறுவதும் இதனையே. நம் நாட்டில் இது 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்கீழ் வழங்கப்படுகிறது. இதன் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். இவ்வுரிமையைப் பெற மூன்று தகுதிகள் வேண்டும். பொருள் புதியதாயிருத்தல் ஒன்று. தொழிலுக்குப் பயன்படுதல் மற்றொன்று. மூன்றாவதுதான் நாம் இங்கு ஆராயப் புகுந்தது. அத்துறையில் பழகிய ஒருவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதாக இருத்தல் கூடாது.

இம்மூன்றாவது தகுதியை நம் தொழிலிலிருந்தே விளக்கலாம். நீலச் சாயத்தையும் மஞ்சள் சாயத்தையும் கலந்தால் பச்சை பிறக்கும் என்பது சாயப்பட்டறையில் புதிதாகச் சேர்ந்த சிறுவனுக்கும் தெரியும். யூரியாவையும் பொட்டாஷையும் கலந்து வயலிலிட்டால், ஒன்று தழைச்சத்தைத் தரும், மற்றொன்று சாம்பல்சத்தைத் தரும். ஒவ்வொன்றும் தன் வேலையைத் தான் செய்வதன்றி, கலந்ததனால் புதிய குணம் ஒன்றும் விளைவதில்லை. இத்தகைய வெறுங் கலவையை நம் சட்டத்தின் 3-ஆம் பிரிவு கண்டுபிடிப்பு என ஏற்பதில்லை. சேர்ந்த பொருள்களின் குணங்கள் கூடி நிற்பதைத் தவிர வேறு பயன் தராத கலவைக்கு உரிமையில்லை என்பதே அப்பிரிவின் கருத்து.

இதற்கு மறுதலையாக நாப்தால் சாயமேற்றும் முறையை நோக்குக. பருத்தி நூலைக் காரத்தில் கரைத்த நாப்தாலில் நனைத்தெடுக்கும்போது, நாம் விரும்பும் செந்நிறம் அதில் இராது. பின்னர் அதனைத் தக்கவாறு பக்குவப்படுத்திய பேஸ் கரைசலில் முக்கியவுடன் நூலினுள்ளேயே ஆழ்ந்த சிவப்பு பிறக்கிறது. அந்நிறம் நீரில் கரையாதது. இங்கே இரண்டு பொருள்கள் கூடி, இரண்டிலும் இல்லாத மூன்றாவதொன்றை நூலிழையில் உண்டாக்கின. 1880-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் இவ்வகை முறைக்கு உரிமை பெறப்பட்டது. நீலமும் மஞ்சளும் கலந்த பச்சைக்கும் இந்தச் சிவப்புக்கும் உள்ள வேறுபாடே சட்டம் தேடும் வேறுபாடு.

தோட்டக்காரர்களுக்கு இன்னும் நெருங்கிய சான்று போர்டோ கலவை. நம் மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் இலையுதிர் நோயைத் தடுக்கத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர் இதனைத் தெளிப்பது நெடுநாளைய வழக்கம். 1 சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் என்பது கணக்கு. துத்தத்தை மட்டும் நீரில் கரைத்துத் தெளித்தால் இலை கருகும். சுண்ணாம்பு மட்டும் பூஞ்சையைப் போதிய அளவு அடக்காது. இரண்டும் கூடியபோது இலையைக் கருக்காமல், மழையில் எளிதில் கழுவப்படாமல் ஒட்டிநின்று, செம்பைச் சிறிது சிறிதாக வெளியிட்டு நோயைத் தடுக்கின்றன. தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் அமிழ்த்தி எடுத்து, அதில் செம்பு படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று நம் தோட்டக்காரர்கள் கண்டுகொள்வர்.

இக்கலவையின் வரலாறு சுவையானது. பிரான்சு நாட்டுப் போர்டோ பகுதியில், சாலையோரத்துத் திராட்சைப் பழங்களை வழிப்போக்கர் பறித்துவிடாதபடி, பார்ப்பதற்கு நஞ்சுபோலத் தோன்றுமாறு துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடிகளின்மேல் தெளிப்பது அங்குள்ளோர் வழக்கமாயிருந்தது. 1882-இல் அடிச்சாம்பல் நோய் பரவியபோது மற்றக் கொடிகள் இலையுதிர்ந்து நிற்க, சாலையோரத்துக் கொடிகள் மட்டும் பசுமையாக நின்றதை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார். ஆராய்ச்சி செய்து 1885-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். துத்தமும் பழையது, சுண்ணாம்பும் பழையது. இரண்டையும் கலந்ததும் புதிதன்று. ஆயினும் அக்கலவை நோயைத் தீர்க்கும் என்பது அதுவரை எவருக்கும் தோன்றவில்லை. விடையைக் கேட்டபின் விடுகதை எளிதாகத்தான் தோன்றும். எனவே, ஒரு கலவையைப் பார்த்தவுடன் ‘இதில் என்ன பெருமை, எல்லாம் தெரிந்த சரக்குகள்தாமே’ என்று தள்ளிவிடுதலும் நியாயமன்று. அதற்கு முன்னர் வாழ்ந்த தொழிலறிந்தவர்களுக்கு அது தோன்றியிருக்குமா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இக்கேள்வியை நம் உச்ச நீதிமன்றம் 1978-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆராய்ந்தது. உத்தரப் பிரதேசத்து மிர்ஸாப்பூரில் பித்தளைப் பாத்திரங்கள் செய்யும் இரண்டு நிறுவனங்களிடையே எழுந்த வழக்கு அது. பாத்திரங்களைக் கடைசல் பிடிக்கும்போது இயந்திரத்தில் அவற்றைப் பிடித்து நிறுத்தும் ஓர் அமைப்புக்கு ஒரு நிறுவனம் 1951-ஆம் ஆண்டுத் தேதியிட்ட உரிமையைப் பெற்றிருந்தது. அதன் உறுப்புகள் யாவும் முன்னரே பட்டறைகளில் அறியப்பட்டவை. அவற்றைச் சேர்த்தது பட்டறையில் இயல்பாக நிகழும் சீர்திருத்தமேயன்றி வேறன்று என்று நீதிமன்றம் கண்டது. அறிவின் முயற்சி இன்றிப் பழைய உறுப்புகளைத் தொகுத்து வைப்பது உரிமைக்குத் தகுதியாகாது என்ற நெறி அத்தீர்ப்பினால் நிலைபெற்றது. எந்திரத்துக்குச் சொல்லப்பட்ட இந்நெறி எண்ணெய்க்கும் மருந்துக்கும் பொருந்தும்.

இனி, உழவர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய வேப்பெண்ணெய் வழக்குக்கு வருவோம். அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறையும் கிரேஸ் என்ற அமெரிக்க இரசாயன நிறுவனமும் சேர்ந்து 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் செய்தன. செடிகளில் பூஞ்சை நோயை வேப்பெண்ணெய் கொண்டு தடுக்கும் முறை என்பது அதன் பொருள். 1994 செப்டம்பரில் உரிமை வழங்கப்பட்டது. அவ்வுரிமை கோரிய கலவை வருமாறு: அசாடிராக்டின் என்னும் கசப்புச் சத்துப் பெரிதும் நீங்கிய வேப்பெண்ணெய் 0.1 முதல் 10 சதவீதம். எண்ணெயை நீரோடு கலக்கச்செய்யும் பொருள் 0.005 முதல் 5 சதவீதம்; எஞ்சியது நீர். எண்ணெயை நீரோடு கலக்கச்செய்யும் பொருள் என்பது நம் வழக்கில் சோப்பு செய்யும் வேலையைச் செய்வதே.

விண்ணப்பித்தவர்கள் பக்கத்திலும் ஒரு வாதம் இருந்தது என்பதை நடுநிலையாகக் கூறவேண்டும். அவர்களுடைய எண்ணெய் நம் செக்கில் ஆட்டிய எண்ணெயன்று; கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்தது. பூச்சியைக் கொல்லும் சத்தை நீக்கிய பின்னும் அது பூஞ்சையைத் தடுக்கிறது என்பது தங்கள் கண்டுபிடிப்பு என்றனர். ஆயினும், வேம்பின் சாற்றினால் பயிர்நோயைத் தடுத்துவந்த நாட்டில் இதனைப் புதுமை என்று ஏற்கமுடியுமா என்ற கேள்வி எழுந்தது. ஐரோப்பியப் பாராளுமன்றத்துப் பசுமைக் கட்சியினரும், வந்தனா சிவாவும், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் அனைத்துலகக் கூட்டமைப்பும் 1995-இல் எதிர்ப்பு மனு தாக்கல் செய்தனர்.

வழக்கில் கருதத்தக்க செய்தி யாதெனில், ‘எங்கள் பாட்டன் காலத்திலிருந்து வேம்பைப் பயன்படுத்துகிறோம்’ என்ற பொதுவான கூற்று மட்டும் அங்கே போதவில்லை. எந்தச் சாறு, எப்படி எடுக்கப்பட்டது, எந்தப் பயிரில், எந்த ஆண்டில், யார் முன்னிலையில் தெளிக்கப்பட்டது என்று கேட்கப்பட்டது. இந்தியத் தொழிலதிபர் ஒருவர் மியூனிக் நகரம் சென்று, விண்ணப்ப நாளுக்கு முன்னரே தாம் வேம்பின் சாற்றைப் பயன்படுத்தியதைச் சாட்சியாகக் கூறினார். 2000-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் உரிமை ரத்துச் செய்யப்பட்டது. உரிமையாளர் மேல்முறையீடு செய்ய, 2005 மார்ச்சு 8-இல் அதுவும் தள்ளுபடியாயிற்று. மனு போட்ட நாள் முதல் ஏறக்குறைய 10 ஆண்டுகள் ஆயின. உலகறிந்த ஒன்றை உலகறிந்தது என்று மெய்ப்பிக்க இத்தனை காலமும் பொருளும் செலவாயின.

அந்த ஐரோப்பிய உரிமை, அகஸ்தீஸ்வரம் வட்டத்து விவசாயி தம் வாழைக்கு வேப்பெண்ணெய் தெளிப்பதைத் தடுத்திருக்காது; காப்புரிமை என்பது வழங்கிய நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். ஆனால் அங்கே விற்பனைக்கு அனுப்பும் இந்தியச் சரக்கை அது தடுக்கக்கூடும். அதேபோன்றதொரு உரிமை நம் நாட்டிலேயே ஒருவருக்குக் கிடைத்துவிட்டால், தம் அங்கத்தினருக்காக அக்கலவையைச் செய்து விற்கும் சங்கத்தின்மேலும் வழக்குத் தொடரலாம். இடர் இதுதான்.

மஞ்சள் வழக்கு இன்னொரு பாடத்தைத் தருகிறது. புண்ணை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995 மார்ச்சில் அமெரிக்காவில் உரிமை பெற்றது. நம் அறிவியல் தொழிலாராய்ச்சிக் குழு 1996-இல் மறு ஆய்வு கோரி, 32 ஆதாரங்களைச் சமர்ப்பித்தது. அவற்றுள் சமஸ்கிருதம், உருது, இந்தி நூல்களும், 1953-ஆம் ஆண்டு இந்திய மருத்துவச் சங்கத்து இதழில் வெளிவந்த கட்டுரையொன்றும் இருந்தன. 1997-இல் உரிமை செல்லாது என அறிவிக்கப்பட்டது. அடுக்களையில் மஞ்சள் இல்லாத வீடு நம் நாட்டில் இல்லை. எனினும் அங்கே வழக்கை வென்றது அடுக்களையன்று, அச்சிட்ட ஏடு. காரணம், அக்காலத்து அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டார் வாய்மொழி அறிவையும் வழக்கத்தையும் கணக்கில் கொள்ளவில்லை. வெளிநாட்டைப் பொறுத்தவரை, முன்னர் வழங்கப்பட்ட உரிமையாகவோ அச்சிட்ட வெளியீடாகவோ இருத்தல் வேண்டும். 2013 மார்ச்சு முதல்தான் உலகில் எங்கு நிகழ்ந்த பொது வழக்கமும் அங்கே கணக்கிற்கு வந்தது.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது’ என்பது நம் பழமொழி. காப்புரிமை அலுவலகத்திலோ, ஏட்டில் ஏறாத சுரைக்காய்தான் கறிக்குதவாமற் போகிறது.

இவ்வனுபவங்களுக்குப் பின்னர் நம் அரசு சும்மா இருக்கவில்லை. 2001-இல் மரபறிவு மின்னூலகம் ஒன்று தொடங்கப்பட்டது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம் முதலிய நூல்களிலுள்ள மருந்து முறைகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் பெயர்க்கப்பட்டு, அயல்நாட்டுக் காப்புரிமை அலுவலகங்கள் பார்வையிட ஏற்பாடு செய்யப்பட்டது. ஆயினும் அது பெரும்பாலும் நூல்களில் உள்ளதைத்தான் தொகுக்கிறது. கோட்டாற்றுச் சாயக்காரரின் கைக்கணக்கும் குலசேகரத்துத் தோட்டக்காரரின் தெளிப்பு முறையும் எந்த நூலிலும் இல்லையென்றால் அந்நூலகத்தில் எங்ஙனம் ஏறும்?

நம் நாட்டுச் சட்டம் இவ்வகையில் நமக்குச் சாதகமாகவே உள்ளது. மரபாக அறியப்பட்ட பொருள்களின் அறிந்த குணங்களைத் தொகுத்தோ திரும்பச் செய்தோ காட்டுவதும் கண்டுபிடிப்பன்று என்று 3-ஆம் பிரிவு கூறுகிறது. ஒருவர் செய்த விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களுக்குப்பின் வெளியிடப்படுகிறது. வெளியிட்டபின், உரிமை வழங்குமுன், எவரும் எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்பது 25-ஆம் பிரிவு. வழங்கிய செய்தி வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள், அதில் அக்கறையுள்ளவர் எதிர்ப்பு மனு கொடுக்கவும் வழியுண்டு. உள்ளூர்ச் சமுதாயத்தாரிடையே, வாய்மொழியாகவேனும், முன்னரே நிலவிய அறிவு என்பதும் எதிர்ப்புக்குரிய காரணங்களுள் ஒன்று. தமிழ்நாட்டுக்குரிய காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது.

இவ்வுரிமை ஏட்டளவில் நிற்பதன்று. புற்றுநோய் மருந்தொன்றின் புதிய வடிவத்துக்கு நோவார்டிஸ் நிறுவனம் 1998-இல் சென்னை அலுவலகத்தில் செய்த விண்ணப்பத்தை எதிர்த்தோருள் புற்றுநோயாளிகளுக்கு உதவும் சங்கம் ஒன்றும் இருந்தது. 2006-இல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 2013 ஏப்ரல் 1-இல் உச்ச நீதிமன்றமும் அம்மறுப்பை உறுதிசெய்தது. நோயாளிகளின் சங்கம் செய்ததை நெசவாளர் சங்கமும் உழவர் சங்கமும் செய்யலாகாதா?

செய்யலாம், ஆனால் சான்று வேண்டும். சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லுமிடங்களில் ரொக்கப் புத்தகம், இருப்புப் பதிவேடு, தீர்மானப் புத்தகம் ஆகியவற்றைக் கேட்டுவாங்கிப் பார்ப்பது என் கடமை. ஒரு பைசா தவறினும் அங்கே தெரிந்துவிடும். அச்சங்கத்து அங்கத்தினர் தலைமுறைகளாகக் கையாளும் செய்முறைகளுக்கோ ஒரு பதிவேடும் இருப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு சங்கமும் செய்முறைப் பதிவேடு ஒன்றைத் தொடங்குதல் நலம். அதில் எழுதவேண்டியவை சிலவே: பொருள்களின் பெயரும் அளவும், கலக்கும் வரிசையும் முறையும், பயன்படுத்திய பயிர் அல்லது நூல், இடம், நாள், கண்ட விளைவு, செய்தவர் கையொப்பம், கண்ணால் கண்ட இருவர் கையொப்பம். ‘கொஞ்சம்’, ‘ஒரு கை’ என்பன அங்கே செல்லா; கிராமும் மில்லிலிட்டரும் வேண்டும்.

விளைவை எழுதும்போது ஒரு நெறியைக் கைக்கொள்க. கலவையை ஒரு பாத்தியிலும், கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியே வேறு பாத்திகளிலும், வெறும் நீரை மற்றொரு பாத்தியிலும் தெளித்து, நான்கையும் ஒப்பிட்டுக் குறித்துவைக்க வேண்டும். கலவையின் பயன் தனிப்பொருள்களின் பயனைக் கூட்டிய அளவே என்றால், அது வெறுங் கலவை. அதற்கு எவரும் தனியுரிமை கோரவொண்ணாது என்பதற்கு உங்கள் பதிவேடே சாட்சி. எதிர்பாராத வகையில் மிகுந்திருந்தால், உங்கள் கையில் உண்மையானதொரு கண்டுபிடிப்பு இருக்கக்கூடும்.

இவ்விடத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். பழைய செய்முறையாயின், பதிவு செய்வதோடு நில்லாமல் அச்சிலும் வெளியிடுக. இத்தகைய மாத இதழின் ஒரு பக்கம், வெளியான நாளோடு, பின்னாளில் வலிய சான்றாக நிற்கும். 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி வெளியீடுகளைப் பெறும் நூலகங்களுள் சென்னைக் கன்னிமாரா நூலகமும் ஒன்று. அங்கே ஒரு படி சேர்ந்துவிட்டால் அது எளிதில் மறையாது. புதிய செய்முறையாயினோ, விண்ணப்பம் செய்யுமுன் எவருக்கும் வெளியிடலாகாது. நாமே முன்கூட்டி அச்சிட்டுவிட்டால், அது புதுமையை இழந்து நமக்கும் கிட்டாமற் போகும். பழையதைப் பறைசாற்றுக; புதியதைப் பொதிந்து வைத்துப் பதிவு செய்க.

எழுதிவைத்தால் பிறர் கவர்ந்துகொள்வரே என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சத்துக்கு மறுமொழியாக நம் மலையோரத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறலாம். நம் மாவட்டத்துப் பேச்சிப்பாறைப் பகுதியிலும், மலைக்கு அப்பால் கேரளத்திலும் காணி மக்கள் வாழ்கின்றனர். 1987-இல் கேரளப் பகுதி மலையில் ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணி மக்கள், ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் பழத்தை உண்டு களைப்பின்றி நடந்தனர். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தார் அச்செடியை ஆராய்ந்து, வேறு மூலிகைகளையும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கினர். கோவையிலுள்ள ஆர்ய வைத்திய பார்மஸிக்கு உற்பத்தி உரிமம் 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 சதவீதப் பங்குக்கும் வழங்கப்பட்டது. அவ்வருவாயில் பாதி காணி மக்களுக்கு என ஒப்புக்கொள்ளப்பட்டு, அதனைப் பெற 1997-இல் அறக்கட்டளை ஒன்றும் பதிவாயிற்று. அறிவு யாரிடமிருந்து வந்தது என்பது தெளிவாக நின்றதனால்தான் பங்கு கேட்கவும் கொடுக்கவும் முடிந்தது. ஊர்பேர் தெரியாத அறிவுக்குப் பங்கு ஏது?

தனியொரு நெசவாளியோ உழவரோ சென்னை சென்று வழக்காடுதல் அரிது. பதிவேடு வைத்தல், இதழில் வெளியிடுதல், வெளிவரும் விண்ணப்பங்களைக் கவனித்தல், வேண்டுமிடத்து எதிர்ப்பு மனு கொடுத்தல் ஆகிய இவை யாவும் பலர் கூடிச் செய்யத்தக்கவை, கூட்டுறவுக்கே உரியவை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதற்கெனத் தீர்மானம் ஒன்று இயற்றி, கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, பக்க எண்ணிட்டு, சங்க முத்திரையிட்டு, முதற் பக்கத்தில் உங்களூர் மூத்த சாயக்காரர் அல்லது மூத்த தோட்டக்காரர் கூறும் செய்முறையை எழுதத் தொடங்குங்கள்.